தொடங்கிவைக்க மட்டும் எங்கள் ஊர்

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு கட்டைப்பை இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தபோது கடையில் கொடுத்தது. இன்றைக்கு அதற்குள் இருப்பதெல்லாம் மனு ரசீதுகள். பென்னாகரம் பக்கம், மானாவாரி நிலத்தை நம்பியிருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன் என்பதால், ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுத்து, தேவைப்பட்டால் கூடவும் போய்வருவேன். ரசீதை வீட்டில் வைத்தால் எலி கடிக்கும், பிள்ளைகள் கிழித்துவிடும் என்று அதையும் என்னிடமே விட்டுவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த பை.

போன வாரம் எதிர்வீட்டு ஆயா வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஏம்ப்பா வாத்தியாரே, போன தடவ குடுத்தமே, அதுக்கு என்னா பதிலு வந்துச்சு?”

எந்தத் தடவை என்று எனக்கே குழப்பம். பையைத் தரையில் கொட்டினேன். ஆயா பெயரில் மட்டும் நான்கு ரசீதுகள். வீட்டுக்காரர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒன்றரை ஏக்கர் இன்னும் மாமனார் பெயரில் கிடக்கிறது. அதை மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. நான்கு மனுவிலும் ஒரே விஷயம், ஒரே சர்வே எண், ஒரே கையெழுத்து, என்னுடையது. ரசீதின் தலையில் அச்சடித்திருந்த முகாமின் பெயர் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறியிருந்தது. ஆயாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், “விசாரிக்கிறேன் ஆயா” என்றேன். அவர் எழுந்து போகும்போது ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

தமிழ்நாட்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டுமென்றால் தருமபுரி தவறாமல் நினைவுக்கு வந்துவிடுகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த மாநிலத்தில் முதலில் முளைத்தது 1989-இல் எங்கள் மாவட்டத்தில்தான். அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் எங்களோடு இருந்தது. 2023 மே மாதம், ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானபோது நீலகிரியோடு சேர்த்து எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வருடம் ஜூலை 24-இல் மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொப்பூரில் தொடங்கிவைத்தார். 2024 ஜூலை 11-இல் ‘மக்களுடன் முதல்வர்’ திட்டம் கிராமங்களுக்கு விரிந்தபோது அதற்கான மேடை பாளையம்புதூரில் போடப்பட்டது. 2025 ஆகஸ்ட் 17-இல், விண்ணப்பித்த அன்றைக்கே கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் என்ற திட்டத்துக்கும் தருமபுரியில்தான் பிள்ளையார் சுழி.

இதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் ஒன்றுகூட திமுகவுக்குக் கிடைக்கவில்லை. பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் மூன்றும் அதிமுகவுக்குப் போயின. தருமபுரியும் பென்னாகரமும் பாமகவுக்கு. அப்படியிருந்தும் ஆட்சிக்கு வந்தவர்கள் எங்களை ஒதுக்கிவைக்கவில்லை. மேலே சொன்ன மேடைகளே அதற்குச் சாட்சி. 2024 மக்களவைத் தேர்தலில் திமுகவின் ஆ. மணி, பாமகவின் சௌமியா அன்புமணியைச் சுமார் 21 ஆயிரம் வாக்குகளில்தான் வென்றார். யார் பக்கம் வேண்டுமானாலும் சாயக்கூடிய மாவட்டம் இது. அதனால் எல்லாக் கட்சிக்கும் எங்கள் ஊருக்கு வரும் வழி தெரிந்திருக்கிறது.

வருகிறார்கள். கேட்கிறார்கள். எழுதிக்கொண்டு போகிறார்கள். கேட்டது என்ன ஆயிற்று என்று சொல்வதற்குத்தான் யாரும் திரும்பி வருவதில்லை. என்னுடைய ஆதங்கம் இந்த ஒன்றுதான்.

மனு வாங்கும் வழிகள் எத்தனை மாறிவிட்டன என்று பாருங்கள். 2021 ஜனவரியில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்று மாவட்டம் மாவட்டமாகப் போய் மனு வாங்கினார். மனுக்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஆட்சிக்கு வந்தால் நூறு நாளில் தீர்வு என்று சொன்னார். வந்ததும் அதற்கென்றே ஒரு துறை உருவானது. அது ‘முதல்வரின் முகவரி’ ஆனது. 2023 டிசம்பரில் கோவையில் ‘மக்களுடன் முதல்வர்’ தொடங்கியது. 2025 ஜூலை 15-இல் சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’: பத்தாயிரம் முகாம்கள், கிராமப்புறத்தில் 15 துறைகளின் 46 சேவைகள், 45 நாளில் தீர்வு என்ற உறுதி. இது தவிர, திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் எந்த ஆட்சி வந்தாலும் போனாலும் நடந்துகொண்டே இருக்கிறது.

முகாம்களை நான் குறை சொல்லவில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மின் இணைப்பில் பெயர் மாற்றம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, இதெல்லாம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் வருமானச் சான்றிதழுக்காக மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, எல்லா ஆபீசர்களும் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மோர் கொடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். அந்த மரியாதை சாதாரணமானதில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்ற தலைமுறைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் முடிகிற வேலைக்கும், ஒருவர் நிலத்தில் இறங்கிச் சங்கிலி பிடித்து அளந்தால்தான் முடிகிற வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? முதல் வகை பந்தலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது வகை மனு அங்கிருந்து பயணம் கிளம்புகிறது. ஒரு துறை இன்னொரு துறைக்கு அனுப்பும். அது கீழே ஓர் அலுவலகத்துக்கு அனுப்பும். சில வாரம் கழித்து மனுதாரரின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: உங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடிவு செய்யப்பட்டது. எங்கள் ஊர் ஏரிக்கு மழைத்தண்ணீர் வரும் வாய்க்கால் முள்செடி மண்டி, பாதி தூர்ந்து கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்யக் கேட்டு எழுதிய மனுவுக்கு எனக்கே இப்படிச் செய்தி வந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களும் ஆள் போதாமல் திணறுகிறவர்கள்தான். செய்தி வந்த அன்று சாயங்காலம் வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன். முள் அப்படியேதான் நின்றது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் என் மனு முடிந்திருந்தது.

அனுப்பிவிட்டதையே முடித்துவிட்டதாகக் கணக்கு வைக்கிற இந்தப் பழக்கம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். இந்த வருடம் பணம் இல்லை, அடுத்த வருடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள். இந்த நிலத்தில் வாரிசுச் சான்றிதழ் குறைகிறது, அதைக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வரி போடுங்கள். ஆயா அதற்கும் தயாராகத்தான் இருக்கிறார். முடிவு செய்யப்பட்டது என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அடுத்த முகாமுக்கு அடுத்த மனு எழுதுவார். நான்கு ரசீதும் அப்படி வந்தவைதான்.

அரசு முகாம் ஒரு பக்கம். கட்சிகள் வருவது இன்னொரு பக்கம். 2025 ஜூலை 1-ஆம் தேதி திமுக ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்று வீடு வீடாக உறுப்பினர் சேர்க்கையைத் தொடங்கியது. அந்த மாதம் 7-ஆம் தேதி அதிமுகவின் எடப்பாடி பழனிசாமி மேட்டுப்பாளையத்தில் தன் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார். 25-ஆம் தேதி பாமகவின் அன்புமணி ராமதாஸ் திருப்போரூரில் நூறு நாள் நடைப்பயணத்தைத் தொடங்கினார். ஒரே மாதத்தில் மூன்று கட்சிகளுக்கும் மக்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. திமுகவின் உறுப்பினர் சேர்க்கைக்குப் போன் எண்ணும் அதில் வரும் ஓடிபியும் கேட்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓடிபி கேட்கத் தடை போட்டது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

எங்கள் தெருவுக்கும் ஒரு கட்சிக்காகப் பிள்ளைகள் வந்தார்கள். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அதில் ஒரு பையன் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன். வெயிலில் முகம் கறுத்து, கையில் ஒரு நோட்டும் போனுமாக ஒவ்வொரு வாசலிலும் பொறுமையாக நின்றான். ஆயா வீட்டு வாசலில் நின்று, “உங்க போன் நம்பர் சொல்லுங்க ஆயா” என்றான். ஆயா நம்பரைச் சொல்லவில்லை. “பட்டா ஆயிடுச்சா கண்ணு?” என்று கேட்டார். பெயர் எழுதிக்கொண்டு போக வருகிற எல்லோரும் அந்த விஷயமாகத்தான் வருகிறார்கள் என்று ஆயா நினைத்திருக்கிறார். பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்ணில் நீர் கோத்திருந்ததை நான் கவனித்தேன். அந்தப் பிள்ளையின் கையில் கேள்விகளைக் கொடுத்து அனுப்பியவர்கள், ஒரே ஒரு பதிலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

மகளிர் உரிமைத்தொகையான மாதம் ஆயிரம் ரூபாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை இலவசம் என்று ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியதிலிருந்து என் தம்பி மனைவிக்குப் பணம் மாதாமாதம் வருகிறது. அந்தப் பணத்தில்தான் அவர் தன் சர்க்கரை மாத்திரையை யாரிடமும் கை நீட்டாமல் வாங்குகிறார். டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் வாரச்சந்தைக்குப் புளியும் அவரைக்காயும் எடுத்துப்போய்த் தானே விற்றுவிட்டு வருகிறார். பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு போடுவதால், அம்மா களை எடுக்கப் போன வீட்டுப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பிரேயரில் மயங்கி விழுவது நின்றிருக்கிறது. என் பணிக்காலத்தில் அப்படி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவன் நான். அதனால் சொல்கிறேன், இவை நல்ல காரியங்கள்.

ஆனால் இவையெல்லாம் ஆளைத் தேடி வருகின்றன. நிலத்தைத் தேடி வரவேண்டியது இன்னும் வரவில்லை.

ஒகேனக்கல் எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2024 ஜூலை கடைசியில் காவிரியில் லட்சத்துக்கு மேல் கனஅடி தண்ணீர் புரண்டு வந்தது. அருவியில் குளிக்கத் தடை. பரிசல் ஓட்டத் தடை. ஜூலை 30-இல் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. அணையின் கொள்ளளவு 93 டிஎம்சி சொச்சம். அது நிரம்பிய பிறகு வந்ததெல்லாம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. அடுத்த வருடம் ஜூன் 29-இலேயே அணை மறுபடி நிரம்பியது. அந்த நாட்களில் டிவியில் வெள்ளத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஏரியின் நடுவில் நின்றால் மண் வெடித்த பிளவுக்குள் கணுக்கால் இறங்கும். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். போர் போட்டால் ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் வருகிறது. வாங்கிய கடன் மட்டும் வருடா வருடம் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, எங்கள் ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. இவ்வளவுதான் எங்கள் சாபம். வெள்ளக் காலத்தில் மட்டும் 3 டிஎம்சி தண்ணீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றி, மாவட்டத்தின் ஏரி குளங்களை நிரப்ப வேண்டும் என்பதுதான் காவிரி உபரிநீர்த் திட்டம். பாமக அதை நெடுநாளாகக் கையில் எடுத்து வைத்திருக்கிறது. பத்து லட்சம் கையெழுத்து என்று இயக்கம் நடத்தினார்கள். 2022 ஆகஸ்டில் அன்புமணி ஒகேனக்கல்லில் தொடங்கி மூன்று நாள் நடந்தார். 2024 அக்டோபர் 4-இல் மாவட்டம் முழுக்க அரை நாள் கடையடைப்பு. நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கட்சி இல்லை, தண்ணீருக்காகப் போட்டேன். என் வகுப்பில் படித்து இன்று பெங்களூரில் கம்பி கட்டுகிற பையன்கள் லீவில் வந்திருந்தபோது அவர்களையும் கூப்பிட்டுப் போடவைத்தேன்.

அந்தக் கட்டுகட்டான காகிதங்களுக்கு என்ன பதில் என்று எங்கள் ஏரிக்கரையில் வந்து ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளம் வருகிற சில வாரங்களுக்காக இவ்வளவு செலவில் குழாய் பதிப்பதா, மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று எதிர்க்கேள்வி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விகளாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கை எங்கள் முன்னால் வைத்துப் பேசுங்கள். நாங்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு கிணற்றுத் தண்ணீரை நான்கு பங்காளிகள் மணிக்கணக்கு வைத்துப் பிரித்துப் பாய்ச்சுகிற ஊர் இது.

நடக்காத காரியம் என்று சொன்னால் மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில், மேட்டூர் உபரிநீரை மோட்டார் வைத்து ஏற்றிச் சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். 2020-இல் அடிக்கல், அடுத்த ஆண்டே முதல் கட்டம் ஓடியது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் சொந்த மாவட்டம் அது. கொங்கு நாட்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அறுபது வருடத்துக்கு மேல் கோரிக்கையாகவே கிடந்தது. 2019-இல் அதிமுக ஆட்சியில் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17-இல் திமுக ஆட்சியில் திறந்தார்கள். பவானி ஆற்றின் உபரிநீர் இன்று 1,045 நீர்நிலைகளுக்குக் குழாய் வழியாகப் போகிறது. ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி முடித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? இந்தக் கேள்வியை எந்த மேடையின் முன்னால் போய் நின்று கேட்பது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. இந்த மண்ணின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பது அளவு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம். பல் காவியேறி, முட்டி மடங்காமல், நாற்பது வயதில் கோல் ஊன்றியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளை வாய் திறந்து சிரித்ததைப் பார்த்துவிட்டு எழுந்துபோன கதைகள் இந்தப் பக்கத்தில் நிறைய. வகுப்பில் குரூப் போட்டோ எடுக்கும்போது பெண்பிள்ளைகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்கள். முதல் வருடம் எனக்குக் காரணம் புரியவில்லை. புரிந்த பிறகு சிரிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

அதற்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரி 26-இல் அடிக்கல். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, அங்கே தேர்தல் முடியட்டும் என்று முதலமைச்சர் கருணாநிதி பொறுத்திருக்கச் சொன்னார். ஜப்பானியக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்துவைத்தார். ஐந்து வருடம், இரண்டு ஆட்சிகள், ஒரு மாநிலத் தகராறு, எல்லாவற்றையும் தாண்டிக் காவிரித் தண்ணீர் பென்னாகரம் மேட்டைத் தாண்டி ஊர்களுக்கு ஏறியது. குழாயில் முதல்நாள் தண்ணீர் வந்தபோது என் அம்மா உயிரோடு இருந்தார். சொம்பில் பிடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் குடித்தார். அடுத்த கட்டத்தையும் இப்போது அறிவித்திருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீரை மேலே ஏற்றத் தெரிந்தவர்களுக்குப் பயிருக்கு ஏற்றத் தெரியாதா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது இந்த அனுபவத்தை வைத்துத்தான்.

எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளி அணைக்கு, ஜெர்த்தலாவிலிருந்து புலிக்கரை ஏரிக்கு, அலியாளத்திலிருந்து தூள்செட்டி ஏரிக்கு. தென்பெண்ணைத் தண்ணீரும் சின்னாற்றுத் தண்ணீரும் வரவேண்டிய இந்தக் கால்வாய்களின் பெயர்களைச் சுற்றுவட்டார விவசாயிகள் சொந்தக்காரர் பெயர் மாதிரி ஒப்பிப்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. எது எந்த நிலையில் நிற்கிறது, எந்த இடத்தில் நிலம் எடுப்பது தடைப்பட்டிருக்கிறது என்று கால்வாய் வரப்போகிற ஊரில் ஒரு பலகை வைத்தால்கூடப் போதும்.

மொரப்பூர் ரயிலும் இதே கதைதான். தருமபுரியிலிருந்து மொரப்பூருக்கு வெள்ளைக்காரன் காலத்தில் 1906-இல் ரயில் ஓடியது. 1941-இல் நிறுத்தினார்கள். அந்த 36 கிலோமீட்டர் மட்டும் இணைந்தால் எங்கள் பிள்ளைகள் சென்னைக்கு நேராகப் போகலாம். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தேர்தல் வந்தது, போனது. பாதையை மாற்றினார்கள், நிலம் அளந்தார்கள். இன்றைக்கும் நாங்கள் பஸ்ஸில்தான் மொரப்பூர் போய் ரயில் ஏறுகிறோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீர் வராத நிலத்தில் யார் இருப்பார்கள்? தை முடிந்ததும் எங்கள் ஊரில் வீடுகள் பூட்டத் தொடங்கும். பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று பஸ் ஏறிவிடுவார்கள். கட்டட வேலை, பேக்கரி வேலை, பனியன் கம்பெனி. தாத்தா பாட்டியிடம் விட்ட பிள்ளைகள் சனிக்கிழமை ராத்திரி போனுக்காகக் காத்திருக்கும். முகாம் நடக்கிற நாளில் ஊரில் இருப்பவர்கள் கிழவர்களும் குழந்தைகளும்தான். மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் சாரத்தின் மேல் நின்று பூச்சு வேலை செய்துகொண்டிருப்பான். முகாம்களில் பெண்கள் கூட்டம் அலைமோதுகிறது என்று பேப்பரில் படம் போடுகிறார்கள். ஆண்கள் ஏன் இல்லை என்று அந்தப் படத்தைப் பார்த்த யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஔவையும் அதியமானும் நெல்லிக்கனியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதே ஔவை, பரிசில் தாமதமானதும் அதியமானின் வாயிற்காவலனிடம் தன் மனக்குறையை வெளிப்படையாகச் சொன்ன பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. அவன் தர நாளானாலும் அது கைக்கு வந்துவிட்ட மாதிரிதான் என்று நம்பிப் பாடிய பாட்டும் அதே நூலில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். எப்படி சார், ஒரு பாட்டில் கோபம், ஒரு பாட்டில் நம்பிக்கை என்று ஒரு பெண் கேட்டாள். கோபத்தைச் சொல்ல முடிகிற வாசல் அது, அதனால்தான் நம்பவும் முடிந்தது என்றேன். எங்கள் மண்ணில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு வாசல் இருந்திருக்கிறது. இன்றைக்கு வாசல்கள் நிறைய இருக்கின்றன, 2025-இல் பத்தாயிரம் முகாம்கள் அறிவித்தார்கள். போன தடவை கேட்டதற்குப் பதில் சொல்ல அங்கே ஒரு மேசை மட்டும் போடவில்லை.

ஒரு மேசை. அதைத்தான் கேட்கிறேன். பதினைந்து துறைக்குப் பதினைந்து மேசை போட்டீர்கள். பதினாறாவதாக ஒன்று போடுங்கள். பழைய ரசீதைக் கொண்டுவந்து நீட்டினால், அந்த எண்ணைத் தட்டிப் பார்த்து, இது இங்கே நிற்கிறது, இந்தக் காரணத்தால் நிற்கிறது, இன்னாரைப் பாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள். கட்சிக்காரர்களும் உறுப்பினர் நோட்டோடு வரும்போது, போன தேர்தலில் எங்கள் ஊருக்குச் சொன்னது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும். நடக்கவில்லை என்று எழுதியிருந்தாலும் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துத்தான் அனுப்புவோம்.

நேற்று ஆயா மறுபடி வந்தார். அடுத்த வாரம் எங்கேயோ மனு வாங்குகிறார்களாம், எழுதித் தரச் சொன்னார். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். இந்தத் தடவை கோரிக்கை எதுவும் எழுதவில்லை. ஆயாவின் நான்கு ரசீதுகளின் எண்ணையும் தேதியையும் வரிசையாக எழுதினேன். அதற்குக் கீழே, ஏரி வாய்க்காலுக்கு நான் கொடுத்த மூன்று மனுக்களின் எண்கள். அதற்குக் கீழே, மேலே கண்ட ஏழு மனுக்களும் இப்போது எந்த நிலையில் உள்ளன என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம் என்று ஒரு வரி. ஆயா கைநாட்டு வைத்தார். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். விஷயத்தைக் கேள்விப்பட்டு, இருட்டுவதற்குள் தெருவில் இன்னும் பதினொரு பேர் தங்கள் பழைய ரசீதோடு வந்துவிட்டார்கள். தாள் போதாமல் மகள் வயிற்றுப் பேத்தியின் நோட்டிலிருந்து நடுப்பக்கத்தைப் பிரித்து எடுத்தேன்.